தையல்காரர் கேட்ட முடிவு

1
இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஸ்பானிய வகுப்பில் ஒருவர் நோட்டை இன்னொருவர் திருத்த வேண்டும். எனக்கு வாய்த்தது பக்கத்து இருக்கைத் தையல்காரரின் நோட்டு. திருத்திய கையோடு திருடிவிட்டேன்.

2
தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை...' (பெய்யவில்லை. வரியை அடித்தாயிற்று.)

மறுபடி: 'ஆறு வருடமாக மகளோடு பேசாத தகப்பன்...' (உண்மைதான். ஆனால் ஒப்பாரி வாடை அடிக்கிறது.)

சரி, பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்னொருவர் ஒன்றைச் செய்ய வேண்டுமென்று ஆசைப்பட்டாலோ, செய்வாரா என்று சந்தேகப்பட்டாலோ, ஸ்பானிய வினைச்சொல் வேறு வடிவம் எடுக்கும். 'பேசுகிறேன்' என்பது ஆப்லோ. கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு 'ஏ' போட்டால் ஆப்லே. 'சாப்பிடுகிறேன்' கோமோ. அதற்கு 'ஆ' போட வேண்டும், கோமா.

"பழைய காலரைப் பிரிச்சு வேற காலர் வைக்கிறோம், அவ்வளவுதானே மேடம்?" என்றார் தையல்காரர்.

"அவ்வளவேதான்" என்றார் ஆசிரியை, கொஞ்சம் பொறாமையோடு.

3
நோட்டில் பத்து வாக்கியங்கள். 'கியெரோ கே பெங்காஸ்', நீ வர வேண்டுமென்று விரும்புகிறேன். 'நோ க்ரேயோ கே ஆப்லேஸ்', நீ பேசுவாய் என்று நான் நினைக்கவில்லை. பத்திலும் 'நீ'தான். நான் ஒன்பதுக்குச் சரி போட்டு, 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். யார் அந்த 'நீ' என்று கேட்கத் தோன்றவில்லை.*

* எழுத்தாளனாம்!

அவரே சொன்னார். "பேத்திங்க. அஞ்சு வயசு. நம்ம பாஷை வராது, ஸ்பானிஷ்தான். மக கல்யாணத்துக்கு நான் போகலை, அதோட பேச்சு நின்னுபோச்சு. வீட்டு ஃபோனைப் பேத்திதான் எடுப்பாளாம், என் பையன் சொன்னான். குழந்தையைக் கூப்பிட்டா தாயும் வருவாள்ல?"

நான் ஒரு தாளை எடுத்துக் கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

4
முடிவு ஒன்று: பேத்தி 'வருகிறேன்' என்கிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: மகள் ஃபோனைப் பிடுங்கி (

தையல்காரர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டார். "முதல்ல இதை எழுதி முடிச்சிடுங்க சார். என்ன சொல்வாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஃபோன் பண்றேன். அளவு எடுக்காம நான் துணியில கத்திரி வச்சதே இல்லை."

நாலு மாதமாக வகுப்புக்கு வந்தும் அவர் ஃபோன் பண்ணாமல் காத்திருந்தது இதற்குத்தான். நல்லபடியாக எழுதிப் பொய்த்துப் போனால் மனுஷன் உடைந்துபோவார். மோசமாக எழுதினால் கூப்பிடவே மாட்டார். தாளைக் கிழித்தேன்.

"ஐயோ, என்ன சார் இது!"

"அளவு கிடையாது. நம்பரைப் போடுங்க."

திட்டிக்கொண்டே போட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

வாசகரே, இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் நீங்கள்தான். எடுங்கள்.