கஸ்தூரி அடித்துவிட்ட இரண்டு பக்கம்

வேலப்பன்சாவடிக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், முப்பது மேசை போட்டிருந்த ஒரு பெரிய அறையில், கஸ்தூரி ஒருத்தி மட்டும் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரே ஒரு கேள்வித்தாள் வந்திருந்தது. அவளைக் கண்காணிக்க ஒரு சூப்பர்வைசர், இருவருக்கும் பொதுவாக ஒரு மின்விசிறி. எண்பத்தெட்டாம் வருஷம், மே மாதம்.

தபால் வழியில் எம்.எஸ்சி. கணிதம் படித்த பழைய சிலபஸ்காரர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கஸ்தூரிக்கு டோபாலஜி ஒரு பேப்பர்தான் பாக்கி. அதிலும் ஐம்பது மார்க் எடுக்காவிட்டால், புது சிலபஸில் பத்து பேப்பரையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பத்து பேப்பர்!

அவளுக்குக் கணக்கு வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஐயோ, வந்து தொலைப்பதுதான் கஷ்டம்! முதல் தடவை ஒரு கேள்வியின் மேல் ஆசை வந்து, அதற்கு மூன்று விதமாக நிரூபணம் எழுதி, பதினெட்டுப் பக்கம் நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. இரண்டாம் தடவை கேள்வியில் ஓர் அச்சுப்பிழை. அதைத் திருத்தி, மெருகேற்றி, முன்பைவிட நல்ல கேள்வியாக்கிப் பதில் எழுதத் தொடங்கியபோது மறுபடியும் மணி. யாராவது இப்படிச் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்களா? கஸ்தூரி வைத்துக்கொண்டாள், இரண்டு முறை.

அவள் புருஷன் பார்த்தசாரதி ஆவடி ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிற டர்னர். டோபாலஜி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஒரு வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று ஜாப் கார்டில் போட்டுவிட்டால் அத்தனை நிமிஷத்தில் முடிக்கத் தெரியும்.

"அஞ்சு கேள்வி, நூத்தி எண்பது நிமிஷம். ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு வெச்சிக்கோ" என்று கடிகாரத்தை அவள் முன்னால் வைத்துப் பழக்கினான். "டைம் ஆச்சுன்னா மெஷினை நிறுத்திடு. பீஸ் முடிஞ்சாலும் சரி, முடியலைன்னாலும் சரி. அடுத்த ஜாப்பை மாட்டு."

அன்றைக்கு அவள் அப்படியேதான் செய்தாள். மூன்று கேள்விகளைப் பாதிக்கு மேல் எழுதி, மனசே இல்லாமல் விட்டுவிட்டு நகர்ந்தாள். நான்காவது கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கிற, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற தேற்றம். இரண்டு பக்கம் மளமளவென்று எழுதினாள். இருபது மார்க் சுளையாக வந்துவிடும். ஐந்தாவதையும் அரைகுறையாக முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் பத்து நிமிஷம் மிச்சம்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? நான்காவது பதிலைப் புரட்டினாள். காம்பாக்ட் என்று கணக்கில் சொல்லப்படும் ஒரு கூட்டம். அதற்கு வெளியே ஒரு புள்ளி. கூட்டத்தில் எதுவும் அந்தப் புள்ளியை ஒட்டிக்கொண்டு வராது என்று காட்ட வேண்டும். இதற்குப் போய் எதற்கு இரண்டு பக்கம்? கூட்டத்திலுள்ள ஒவ்வொன்றுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை எடு. ஒன்று என்ற எண்ணை அந்தத் தூரத்தால் வகு. காம்பாக்ட் என்பதால் வருகிற எண் ஓர் அளவுக்கு மேல் போகாது. அப்படியானால் தூரமும் ஓர் அளவுக்குக் கீழே குறையாது. முடிந்தது! ஐந்து வரி! இது எந்தப் புத்தகத்திலும் பார்த்ததல்ல, அவளுக்கே தோன்றியது.

"சார், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் எழுதலாமா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

"முதல்ல இருக்கிறதைத்தாம்மா திருத்துவாங்க. அது வேணாம்னா அடிச்சிடுங்க."

அடித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு, மூலைக்கு மூலை. அடித்துவிட்டு ஐந்து வரியையும் எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் பூந்தமல்லி பக்கீர் முகமது பாய் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கையிலிருந்த கேள்வித்தாளை அவர் வண்டியில் வைத்தாள்.

"இந்தாங்க பாய், பொட்டலம் கட்டிக்கோங்க. என் ஜென்மத்துக்கும் இனிமே டோபாலஜி பேப்பர் வேணாம்."

"பாஸா தங்கச்சி?"

"பாஸுக்கு மேலே பாய்!"

ஆவடிக் குவார்ட்டர்ஸில் பார்த்தசாரதி முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் காத்திருந்தான். ஐந்தும் எழுதிவிட்டாள் என்றதும் விசில் அடித்தான். ஐந்து வரி சமாச்சாரத்தை அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"எழுதினதை அடிச்சிட்டியா? இருபது மார்க்கையா?"

"அதான் அதைவிட நல்லதா எழுதிட்டேனே! உங்களுக்கே புரியும் பாருங்க. வெளியே ஒரு புள்ளி, உள்ளே ஒரு கூட்டம். ரெண்டுக்கும் நடுவுல தூரத்தை அளக்கணும்."

பார்த்தசாரதி தலையைச் சொறிந்தான். "தூரமா? நீதானே தினம் காலையில அடுப்படியில நின்னு ஒப்பிப்பே, டோபாலஜியில எல்லா எடத்துலயும் தூரம்னு ஒண்ணு கிடையாதுன்னு. கிடையாததை எப்படி அளந்தே?"

கஸ்தூரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் மனப்பாடம் செய்த தேற்றம், தூரம் என்ற பேச்சே இல்லாத இடத்துக்கும் சேர்த்துச் சொன்னது. அதனால்தான் அதற்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது. கேள்வியும் அப்படியே இருந்திருந்தால் அவளுடைய ஐந்து வரிக்குக் காலணா மதிப்பு இல்லை. தூரம் உள்ள இடம், அதாவது மெட்ரிக் ஸ்பேஸ் என்று போட்டிருந்தால் மட்டுமே அது செல்லும். என்ன போட்டிருந்தது? யாருக்குத் தெரியும்! தெரிந்த தேற்றம் என்று பார்த்த மாத்திரத்தில் பேனாவைத் திறந்துவிட்டாள். கேள்வியை முழுசாகப் படிக்கவே இல்லை.

"மீதி நாலுல எவ்ளோ தேறும்?"

"நாப்பது. திருத்துறவர் நல்ல மனுஷனா இருந்தா நாப்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டு அழுதாள். "பாவி நான்! சரியா இருந்ததை என் கையாலயே அடிச்சேனே!"

"கேள்வித்தாள் எங்கே?"

"கடலைக்காரர்கிட்ட குடுத்துட்டேன்!"

பார்த்தசாரதி மொபெட்டை எடுத்தான். பருத்திப்பட்டு, காடுவெட்டி என்று அது தன்னால் முடிந்த மட்டும் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள், தூரமே இல்லாமல் அந்த ஐந்து வரியைக் காப்பாற்ற முடியுமா என்று அவன் முதுகில் விரலால் எழுதிப் பார்த்தாள். முடியவில்லை. திருவேற்காட்டில் வண்டி நின்றது. இறங்கித் தள்ளி, உதைத்து, கெஞ்சி, திட்டி மறுபடி கிளப்பினார்கள்.

பாய் இன்னும் வாசலில்தான் இருந்தார். நல்ல வியாபாரம் போலிருக்கிறது, முகம் மலர்ந்திருந்தது.

"அந்தப் பேப்பரா? நாலா கிழிச்சு நாலு பொட்டலம் போட்டேன் தங்கச்சி. ரெண்டு கீது" என்று கடலையைக் கொட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் பல்கலைக்கழகத்தின் பெயரும் முதல் கேள்வியும். இன்னொன்றில் இரண்டு மூன்று கேள்விகளின் வால். நான்காவது இல்லை.

"கீழ்ப்பாதி ரெண்டும் வித்துப்போச்சு. ஒண்ணு வாட்ச்மேன் வாங்கினாரு, செங்கல்வராயன். இன்னொண்ணு யாரோ பஸ்ஸுக்கு நின்னவங்க."

செங்கல்வராயன் கேட்டுக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து கடலையை ஒவ்வொன்றாக ரசித்து மென்றுகொண்டிருந்தார். இருவரும் ஓடிவந்த வேகத்தைப் பார்த்துப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னாபா, இன்னா வோணும்?"

"அண்ணாத்தே, அந்தப் பொட்டலம்!"

"அங்க பாய் வண்டி நிக்குது பாரு. என்துதான் கெடைச்சுதா?"

"கடலையை வெச்சிக்கோங்க அண்ணே, பேப்பர் மட்டும் குடுங்க. என் தலையெழுத்தே அதுலதான் இருக்கு" என்றாள் கஸ்தூரி.

பொம்பளைப் பிள்ளை கண் கலங்கியதும் மனிதர் இளகிவிட்டார். தொப்பியைக் கழற்றி அதில் கடலையைக் கொட்டிக்கொண்டு பேப்பரைக் கொடுத்தார். கஸ்தூரி பிரித்தாள். நாலு என்ற எண் இருந்தது. உரக்கப் படித்தாள்: "ப்ரூவ் தட் எவ்ரி காம்பாக்ட் சப்செட் ஆஃப் எ..."

அதோடு தாள் கிழிந்திருந்தது.

"அட கடவுளே! எந்த எடம்னு சொல்றதுக்குள்ள கிழிச்சாரே பாய்!"

மீதி எந்த பஸ்ஸில் ஏறிப் போனதோ! பார்த்தசாரதி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். குனிந்து தேடத் தொடங்கினான். பாயும் வண்டியை விட்டுவிட்டு வந்தார். செங்கல்வராயன் தொப்பியோடு வந்து, மென்றுகொண்டே தேடினார். சிகரெட் அட்டை, பஸ் டிக்கெட், கரும்புச் சக்கை. பஸ்ஸுக்கு நின்ற ஜனம், யாரோ கம்மலைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாங்களும் குனிந்தது.

"இதுவா பாரு!" என்று பார்த்தசாரதி சாக்கடை ஓரத்திலிருந்து கசங்கிய ஒரு தாளைத் தூக்கினான்.

கஸ்தூரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நான் பார்க்க மாட்டேன். நீங்களே படிங்க. மேலேயிருந்து முதல் வரி."

அவன் தாளைச் சட்டையில் துடைத்து, எழுத்துக் கூட்டினான். "எம்... ஈ... டி..." சட்டென்று நிமிர்ந்தான். "இது நம்ம வார்த்தைடி! தினம் ஃபேக்டரி டிராயிங்குல பார்க்கிறேனே. மெட்ரிக்! மெட்ரிக் ஸ்பேஸ் ஈஸ் குளோஸ்ட்!"

கஸ்தூரி கத்திய கத்தலில் பூந்தமல்லி போகிற பஸ்ஸின் டிரைவர் பிரேக் போட்டார். அவள் தாளைப் பிடுங்கித் தானும் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நடுரோடு என்று பார்க்காமல் புருஷனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். பாய், "அல்லா கைவிடலை" என்றார். செங்கல்வராயன் ஒன்றும் புரியாமலே கை தட்டினார். அந்தம்மாவுக்குக் கம்மல் கிடைத்துவிட்டது என்று ஜனம் நிம்மதியாக பஸ் ஏறியது.

"அப்போ அறுபது மார்க்" என்றான் பார்த்தசாரதி மூச்சு வாங்க. "பாஸ். பத்து பேப்பர் கிடையாது. என் உயிரே போயிடுச்சு கஸ்தூரி. இனிமேலாவது ஒழுங்கா எழுதினதை அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"கேள்வியைப் படிக்காம எழுதினது என் தப்பு. அதுக்கு வேணும்னா சத்தியம் பண்றேன். அந்த ரெண்டு பக்கம் யாரோ எழுதினதுங்க. அஞ்சு வரி என்னோடது. நாளைக்கே மறுபடி உட்கார வெச்சாலும் அடிப்பேன்."