ஆனக்கல்மேட்டுக்கு வந்த கம்பி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மோளிக்குட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். நோயாளியாக நடிப்பதும் அவள் தொழிலில் ஒரு பகுதி. குவைத்தில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவள், இப்போது வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சை எழுதும் நர்ஸ்களுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பாடம் எடுத்தாள். இவள் வலியில் முனக வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் ஆங்கிலத்தில் விசாரித்து, ஆறுதல் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பக்கம் இருந்தவள் ரியாத்திலிருக்கும் லின்ஸி. சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை.

"வலி எப்போதிலிருந்து..." என்று லின்ஸி ஆரம்பித்தாள். அதோடு சரி. பாதிக் கண் மூடியபடி அவள் முகம் திரையில் நின்றுபோயிற்று. நடுவில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மோளிக்குட்டி இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். வட்டம் நிற்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள். மலை ஊரான ஆனக்கல்மேட்டில் அவள் வீட்டைப் பொறுத்தவரை கைப்பேசிக்கு ஒரு கோடாவது சிக்னல் கிடைப்பது மாட்டுக்குப் பக்கத்தில்தான். அங்கே நின்றபோது லின்ஸியின் செய்தி வந்து விழுந்தது. 'சேச்சி, தப்பா நினைக்காதீங்க. ஒரு வாரத்துக்குள்ள இது மூணாவது தடவை. நான் வேறொரு டீச்சரைப் பார்த்துக்கறேன்.'

மோளிக்குட்டி தப்பாக நினைக்கவில்லை. அவள் லின்ஸியாக இருந்திருந்தால் போன மாதமே போயிருப்பாள்.

அங்கேயே நின்று கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டாள். நூறு எம்பி வேகம் என்று சொல்லித்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் இணைப்பு கொடுத்தார்கள். மாதத்தில் முதல் பத்து நாள் அது எப்படியோ தத்தித் தத்தி நடக்கும். அதற்குள் மாத அளவு தீர்ந்துபோகும். பிறகு இருபது நாள் தவழும். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி' என்று செய்தி வந்தது.

மோளிக்குட்டி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்று புருஷன் தங்கச்சன் கேட்டான். ஏலக்காய் காய வைத்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்குள்ள. நமக்கு மட்டும்தானா, எல்லாருக்குமான்னு பாக்கணும்."

"எல்லாருக்கும்தான். எல்லாரும் திட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க."

"வீட்டுக்குள்ள உக்காந்து திட்டினா வீட்டுச் சுவருக்குத்தான் கேக்கும்."

மூன்று நாள் ஏறி இறங்கி, இணைப்பு வாங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் நுழைந்து பேசினாள். வெள்ளிக்கிழமை மாலை வாசகசாலைக் கட்டடத்தில் கூட்டம் போட்டாள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னலில் சாய்ந்து நின்றார்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி அனுப்புகிற ஹசீனா முதலில் எழுந்தாள்.

"துபாய்ல ஒரு கல்யாணம். வீடியோவை இங்கேருந்து அனுப்ப ஆரம்பிச்சேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணு முழுகாம இருக்கா! மாப்பிள்ளை கேக்கறான், 'சேச்சி, கல்யாண வீடியோவையும் குழந்தையோட ஞானஸ்நான வீடியோவையும் சேத்தே அனுப்பிடறீங்களா'ன்னு."

சிரிப்பு அடங்குவதற்குள் அவறாச்சன் எழுந்துவிட்டார். மோளிக்குட்டியின் புருஷனுக்கு அண்ணன். மேட்டின் தெற்குச் சரிவு முழுவதும் அவருடைய ஏலத்தோட்டம். மேஜையை ஓங்கித் தட்டினார்.

"என் மக அயர்லாந்துல இருக்கா. பேரனுக்கு ரெண்டு வயசாச்சு. அவன் முகத்தை முழுசா ஒரு நாள் பாத்ததில்ல. நெத்தி தெரிஞ்சா வாய் தெரியாது. திருட்டுப் பயலுக! அந்த ஆபீஸைப் பூட்டித் தெருவுல உக்காரணும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். மோளிக்குட்டி தட்டவில்லை. கை தட்டலோடு கலைந்துபோன கூட்டங்களை அந்தக் கட்டடத்தில் அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

"திங்கக்கிழமை காலைல அவங்கவங்க வீட்டுப் பெட்டியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாருமா கீழ டவுனுக்குப் போறோம். மேனேஜர் மேஜையில அடுக்கறோம். பதில் வர்ற வரைக்கும் எடுக்கறதில்ல."

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், "எடுத்துக்கோங்க, போங்கன்னு அவன் சொல்லிட்டா? இப்ப இருக்கற பிச்சையும் போயிடுமே?"

"பிச்சைன்னு நீங்களே சொல்றீங்க, சேட்டா. அப்புறம் போனா என்ன?"

திங்கட்கிழமை மழை தூறியது. யாரும் வர மாட்டார்கள் என்று தங்கச்சன் சொன்னான். மொத்தம் அறுபத்து மூன்று இணைப்பில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கினார்கள்.

மேனேஜர் ஸாஜனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெட்டிகள் மேஜையில் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து எழுந்து நின்றான். மேஜை நிறைந்து நாற்காலியில் வைத்தார்கள். நாற்காலி நிறைந்து தரையில் வைத்தார்கள். அவறாச்சன் தன் பெட்டியை எல்லாவற்றுக்கும் மேலே நங்கென்று வைத்தார்.

"சேச்சி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க," என்றான் ஸாஜன். "உங்க மேடு மொத்தமும் ஒரே ஒரு பழைய கம்பியில ஓடுது. இருபது வீட்டுக்குப் போட்டது. இப்ப அறுபத்து மூணு. புதுசு போட மாட்டோம்னு நாங்க சொல்லல. எட்டு மாசமா புதுக் கம்பி பின்னால ரூம்ல கெடக்குது. வேணும்னா வந்து பாருங்க."

"அப்ப ஏன் போடல?"

அவன் தயங்கினான். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தான். தெற்குச் சரிவு வழியாகப் போஸ்ட் நட அனுமதி கேட்டுக் கம்பெனி எழுதிய கடிதம். அடியில் நீல மையில் ஒரே வரி: 'என் நிலத்தில் ஒரு குழியும் தோண்ட அனுமதி இல்லை.' கையெழுத்து, அவறாச்சன்.

மோளிக்குட்டி தாளை மடக்கிவிடத்தான் பார்த்தாள். அதற்குள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ஹசீனா வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. அவறாச்சன் முகம் கறுத்துப்போனது. பெட்டியைக்கூட எடுக்காமல், மழையில் இறங்கி பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

"கொள்ளாமே, நல்லா இருக்கே! தொண்டை கிழியக் கத்தினது அவரு, கதவைச் சாத்தினதும் அவரு," என்றார் ஒருவர். "மோளி, உன் வீட்டு ஆளே இப்படின்னா எங்களை எதுக்கு மழையில இழுத்துட்டு வந்த?"

மோளிக்குட்டிக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் குரலைத் தளர விடவில்லை. "பெட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல நான் பதிலோட வரேன், சாரே."

அன்று சாயங்காலமே அவறாச்சன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"திட்டத்தானே வந்திருக்க? திட்டிட்டுப் போ."

"திட்டறதுக்கு ஊரே இருக்கு. நான் கேக்க வந்தேன், சேட்டாயி. ஏன்?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். அவள் பின்னாலேயே போனாள். ஏலச்செடிகள் திடீரென்று முடிந்துபோய், ஒரு பெரிய சிவப்புத் தழும்பு போல வெறும் மண் தெரிந்தது.

"இங்கதான் என் தொழுவம் இருந்துச்சு. பெருவெள்ளத்துக்கு முந்தின வருஷம் இன்னொரு கம்பெனிக்காரன் இந்தச் சரிவுல வரிசையா குழி தோண்டினான். பாதியில விட்டுட்டுப் போயிட்டான். அடுத்த மழையில தண்ணி அத்தனையும் அந்தக் குழியில எறங்கி, மலை அப்படியே பிளந்துக்கிட்டு வந்துச்சு. நாலு மாடு. கத்தினது கேட்டுச்சு. கிட்டப் போக முடியல." டார்ச்சை அணைத்தார். "எனக்கு நெட்டு வேணும், மோளி. பேரனைப் பாக்கணும். ஆனா இந்தச் சரிவுக்குக் கீழ ஒம்பது வீடு இருக்கு."

"இதை அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, கெழவனுக்குப் பயம்னு சொல்லுவானுங்க. கத்தறது சுலபம்."

மோளிக்குட்டி தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரும்போது அவரை வளைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். இப்போது வளைக்க வேண்டியது அவரை அல்ல என்று புரிந்தது.

"சரி. சரிவை விட்டுடுவோம். குருசடிச் சிலுவைக்குப் பின்னால பழைய ஜீப் ரோடு போகுதே, அது எப்படி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது பாறை. அசையாது. ஆனா சுத்து. ஒண்ணரை கிலோமீட்டர் கூடும்."

மறுநாள் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். ஸாஜன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். கம்பி போதும், இரும்புப் போஸ்ட்டும் இருக்கிறது. ஆனால் லாரி குருசடி வளைவுக்கு மேலே ஏறாது, மழைக்காலம் முடியும் வரை தூக்க ஆள் கிடைக்காது என்றான்.

"ஆள் இருக்கு. தூக்கறதும் நடறதும் எங்க வேலை. கம்பி இழுக்கறது உங்க வேலை. போஸ்ட் நின்னதுக்கப்புறம் எத்தனை நாள்?"

"ஒரு வாரம்."

"எழுதிக் குடுங்க."

"சேச்சிக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?"

"தீர்க்கப்பட்டதுன்னு எனக்கு இதுவரைக்கும் இருபத்தாறு செய்தி அனுப்பியிருக்கீங்க, சாரே. எழுதி, சீல் வச்சுக் குடுங்க. இன்னொண்ணு. மாச அளவு தீந்ததும் வேகத்தைக் குறைக்கறீங்களே, அதையும் எடுக்கணும்."

"அது என் கையில இல்ல. கொச்சியில இருக்கறவங்க முடிவு."

"அப்ப கொச்சியில இருக்கறவங்க பேரும் நம்பரும்."

அதையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெட்டிகளை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் குருசடி வளைவில் லாரி முப்பத்து நான்கு போஸ்ட்களை இறக்கிவிட்டுப் போனது. ஒரு போஸ்ட்டுக்கு நான்கு பேர். தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு தூக்கினார்கள். முதல் வளைவு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. பெட்டி எடுத்து வராத வீட்டுக்காரர்கள்கூடச் சிலர் வந்திருந்தார்கள். ஹசீனாவும் இன்னும் ஆறு பெண்களும் குழி தோண்டுகிறவர்களுக்குக் கப்பைக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் பால் விடாத கட்டன்சாயாவும் சுமந்து போனார்கள்.

எட்டு மணிக்கு அவறாச்சன் வந்தார். கையில் கடப்பாரை. வேலை ஒரு நிமிடம் நின்றது.

"என்ன அவறாச்சா, இன்னைக்குச் சத்தம் போட வரலையா?" என்று ஒருவர் சீண்டினார்.

"வாய்க்கு இன்னைக்கு லீவு. தோளு மட்டும்தான் வந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் முன்னால் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்த்தார். ஏழாவது போஸ்ட்டுக்குத் தோண்டியிருந்த குழியைக் கண்டதும் நின்றார்.

"இத மூடுங்க. மழைத்தண்ணி எறங்கற வழி இது. நாலு அடி தள்ளிப் பாறை இருக்கு, அங்க போங்க."

"தோண்டினதே ஒரு மணி நேரம் ஆச்சு!" என்று குழிக்குள் நின்றவன் கோபப்பட்டான்.

"மூடச் சொன்னாருல்ல?" என்றாள் மோளிக்குட்டி. அவளே மண்வெட்டியை வாங்கி மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். பாறையில் துளை போட இரண்டு மணி நேரம் பிடித்தது. அன்று பதினொன்றுதான் நட முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து நேராக வந்து ஒன்பது நட்டார்கள். மீதி பதினான்கையும் முடிக்க அடுத்த சனி வரை ஆயிற்று. மோளிக்குட்டியின் இடது தோள் வீங்கியது. தங்கச்சன் தைலம் தேய்த்துக்கொண்டே, "குவைத்துல உனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ற வேலையா, தூக்கற வேலையா?" என்று கேட்டான். வலியோடு சிரித்தாள்.

ஒரு வாரம் என்று எழுதிக் கொடுத்த ஸாஜன் மூன்று வாரம் ஆக்கினான். அந்த மூன்று வாரமும் தினம் காலை ஒன்பது மணிக்குத் தொழுவத்திலிருந்து அவனுக்குப் போன் போனது. திட்டவில்லை. "சீல் வச்ச தாள் கையில இருக்கு, சாரே. இன்னைக்கு எத்தனாவது போஸ்ட் வரைக்கும்?" அவ்வளவுதான் கேட்பாள். கடைசி நாட்களில் அவள் கேட்பதற்கு முன்பே அவன் எண்ணைச் சொல்லத் தொடங்கினான்.

கம்பி வந்தது. நூறு வரவில்லை, அறுபதை ஒட்டி நின்றது. ஆனால் நின்றது. ஹசீனா ஒரு முழுக் கல்யாணத்தை மதியச் சாப்பாட்டுக்குள் அனுப்பி முடித்தாள். தெற்குச் சரிவு வீட்டிலிருந்து கிழவர் ஒருவர் இரண்டு வயதுக் குழந்தையைப் போலவே மழலை பேசுகிற சத்தம் ரோடு வரை கேட்டது. லின்ஸி திரும்பி வரவில்லை. பரீட்சையில் தேறிவிட்டதாக மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மோளிக்குட்டி வாழ்த்து அனுப்பினாள். அந்த மாதம் புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள்.

மாதத்தின் பதினான்காம் தேதி அளவு தீர்ந்து, வேகம் மறுபடி படுத்துக்கொண்டது.

"நாலு நாள் கூடக் கெடச்சுதே, போதாதா?" என்றான் தங்கச்சன்.

"மாசத்துக்கு முப்பது நாளுக்குத்தானே காசு வாங்கறான்?"

கொச்சி நம்பருக்கு ஒன்பது தடவை போன் செய்தாள். பத்தாவது தடவை செய்யவில்லை. மனு எழுதினாள். ஊரில் ஐம்பத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து நீல மையில் அவறாச்சனுடையது. நுகர்வோர் நீதிமன்றத்தில் மனுவை வாங்கிய குமாஸ்தா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் நாளாகும், சேச்சி. நடக்க முடியுமா?" என்று கேட்டார்.

"நாங்க ஆனக்கல்மேட்டுக்காரங்க, சாரே. தேதியைச் சொல்லுங்க."

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்றார். வெளியே வந்து, அந்தத் தேதிக்கு மூன்று ஜீப்புக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.