கழுவிய தொட்டி

தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாளாகிறது. எட்டாம் மாதம், ரத்த அழுத்தம் எகிறி நிற்கிறது. எதற்கும் அவளைப் பதற்றப்படுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவள் வீட்டையும் ஆறு மீன்களையும் பார்த்துக்கொள்ள வந்தவள் தையல் வேலை செய்யும் அவளுடைய அக்கா.

அக்காவுக்கு அழுக்கு என்றாலே ஆகாது. தொட்டிக்குள் பில்டரின் ஸ்பாஞ்ச் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்ததைப் பார்த்தவள், மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடி எல்லாவற்றையும் குழாயடியில் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தாள். புதுத்தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டதும் தொட்டி பளிச்சென்று இருந்தது. அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. ஐந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தங்கை ‘வாத்தியார்’ என்று செல்லமாகக் கூப்பிடும் பெரிய ஆரஞ்சு மீன் மட்டும் செத்து ஒருக்களித்து மிதந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். "என் வாத்தியாரைக் காட்டுக்கா."

"கரண்ட் இல்லடி. அப்புறம் காட்டறேன்." சுவரைக் காட்டிப் போனை வைத்தவள், போட்டது போட்டபடி மீன் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கொழகொழப்புலதான்மா நல்ல கிருமி இருக்கும். மீன் கழிவோட விஷத்தை அதுதான் முறிக்கும். மொத்தத்தையும் கழுவி ஊத்திட்டீங்களே!"

"இப்ப என்னங்க பண்றது?"

"குழாய்த் தண்ணியில குளோரின் போக இந்தச் சொட்டு மருந்தை விட்டு, தினம் கால் பங்கு மட்டும் மாத்துங்க. ரெண்டு நாளைக்குத் தீனி வேணாம். பில்டரை நிறுத்தாதீங்க."

பக்கத்துத் தொட்டியில் அச்சு அசல் வாத்தியார் மாதிரியே ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. அக்கா விரலை நீட்டினாள்.

"இப்ப அந்தத் தண்ணியில விட்டா இதுவும் போயிடும்," என்றார் அவர்.

வீடு திரும்பி, கால் பங்கு தண்ணீரை மாற்றினாள். துணி வெட்ட உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்துக்கொரு தரம் எழுந்துபோய் எண்ணினாள். மறுநாளும் ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து. போன் அடித்தால் மட்டும் கரண்ட் இல்லை என்றே சொல்லிவைத்தாள். எத்தனை நாளைக்குத்தான் கரண்ட் போகும்?

அதற்கும் மறுநாள் நர்ஸிடம் பேசி, அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தங்கையிடம் போனில் வாயைத் திறந்தாள். "வாத்தியார் போயிட்டாருடி. நான்தான் தொட்டியைக் கழுவிக் கொன்னுட்டேன்."

அக்கா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பதறாதடி!"

"ஸ்பாஞ்சையும் கழுவினியா?"

"ஆமா."

"நானும் முதல்ல அப்படித்தான் கழுவினேன். ஒரே வாரத்துல எட்டு போச்சு. நீ திட்டுவேன்னு சொல்லல." தங்கை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மத்தது அஞ்சும் சாப்பிடுதா?" என்றாள்.

"இன்னிக்குத்தான் ரெண்டு சிட்டிகை போட்டேன்."

"ரெண்டா? ஒண்ணே ஜாஸ்திக்கா!"

அக்கா போனைக் கையில் பிடித்தபடியே, மிதக்கும் தீனியை அள்ளத் தொட்டிக்கு ஓடினாள்.