பால் கசியும் தண்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, அக்காவின் எரிச்சலில் உதித்தது. கீழ்வீட்டுக்குப் போய் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வா என்று ஒரு வாரமாகச் சொல்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். அவள் அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

மழை விட்ட காலையில், பணிமனை மதிலோரம், ஈர மண்ணில்—

(வெட்டிவிட்டேன். அன்று மழையே இல்லை. அழகுக்காகப் போட்டேன். அழகுக்காகப் போட்டதில்தான் இவ்வளவு வம்பும்.)

2

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். வேலை முடிந்து வருகிற வழியில், மதிலோரத்திலும் நடைபாதை விரிசலிலும் முளைத்துக் கிடக்கிற தரைப்பசலையைப் பறித்து வருவாள். சிவந்த தண்டு, தடித்த குட்டி இலை. ஊரார் மிதித்துப் போகிற களை, எங்கள் வீட்டில் கீரை.

அவளோடு நடப்பது பெரிய தண்டனை. ஒவ்வொரு தண்டையும் ஒடித்து முனையைப் பார்ப்பாள். தண்ணீர் கசிந்தால் பைக்குள். பால் கசிந்தால் அது வேறு செடி, விஷம்.* கையிலிருக்கும் மொத்தப் பிடியையும் வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். இரண்டும் பின்னிப் படர்ந்து கிடக்கும், பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒரு பிடிக்கு அரைமணி நேரம். எனக்குப் பசி காதை அடைக்கும். பார்த்தாலே தெரியாதா என்று ஒரு முறை கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்கிறவர்களுக்குத்தான் நான் ரத்தம் எடுக்கிறேன் என்றாள்.

(* பெயர் கேட்காதீர்கள். அக்காவுக்கே தெரியாது. 'அது' என்பாள்.)

3

அவளை வைத்து ஒரு கதை எழுதினேன். அதில் வருகிறவள் தண்டை ஒடிக்கிறாள். 'தண்ணீர் கசிந்தது' என்று எழுதினேன். வாக்கியம் செத்துக் கிடந்தது. ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, 'பால் கசிந்தது' என்று மாற்றினேன். எழுந்து உட்கார்ந்தது. 'பால் கசிந்த தண்டுகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள்' என்று அடுத்த வரியும் தானாக வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

(அக்கா என் கதைகளைப் படிப்பதில்லை. படித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.)

படிக்கிறவர் கீழ்வீட்டு டெய்லரம்மா. எதை எழுதினாலும் முதலில் அவரிடம்தான் கொடுப்பேன். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிடுவதால் கடைசியிலும் அவர்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கிறவருக்கு மலச்சிக்கல் தீராத தொல்லை. தரைப்பசலை சாப்பிட்டால் சரியாகும், கூட வந்தால் காட்டித் தருகிறேன் என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். அவருக்குத் துணிகளை விட்டு எழ நேரமில்லை. அதனால் என் கதையைப் படித்துக் கற்றுக்கொண்டு, வாசலோரம் முளைத்ததைத் தானே பறித்தார்.

பறிப்பதில் அக்காவைவிட அவர் கறார். தண்ணீர் கசிந்ததையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, பால் கசிந்ததை மட்டும் சமைத்தார்.

4

வாய் வெந்து, குடலைப் பிடுங்கும் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு ரத்தம் எடுத்தது அக்காதான். ஊசி ஏறும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க செய்ற மாதிரிதானே பறிச்சேன்."

கதையில் வருகிறவள் அக்கா என்று அவருக்குத் தெரியும். அவள் செய்வதெல்லாம் அக்கா செய்வது என்றே நம்பிவிட்டார். பால் என்று மாற்றியது நான்தான் என்று அக்காவிடம் மட்டும் அன்றிரவே ஒப்புக்கொண்டேன். எட்டு நாளில் வீடு திரும்பினார். இப்போது, இந்தக் கதிக்கு அக்காதான் காரணம் என்று, அவளைப் படியில் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். பதினோரு வருடப் பழக்கம். சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா வேலைக்குப் போகிறாள். மேலே நின்று அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

அ) டெய்லரம்மா எல்லாம் புரிந்து, கண்ணீரோடு— (பொய்.)

ஆ) அக்கா பெருந்தன்மையாகப் பழியை ஏற்று— (அக்காவைத் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்.)

இ) கதாநாயகன் மனம் வருந்தி—

இதற்குள் அக்கா ஈரக்கையோடு வந்து, இதுவரை எழுதியதை எடுத்துப் படித்தாள். என் எழுத்தை அவள் படிப்பது இதுதான் முதல் தடவை.

"ஒரு மாடி எறங்கிப் போய், மாத்துனது நான்தான்னு சொல்ல வாயில்ல. இதுக்கு நம்பர் போட்டு எழுதுறியாக்கும்?"

வாய் இல்லைதான். மூன்று தடவை கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

6

ஆகவே, டெய்லரம்மா, இதையும் முதலில் உங்களுக்கே கொடுக்கிறேன், கதவுக்கடியில் தள்ளி. தண்ணீர் கசிந்தால்தான் தரைப்பசலை. அக்கா அப்படித்தான் பறிப்பாள், ஒருநாளும் வேறு மாதிரி பறித்ததில்லை. பால் என்று எழுதியது நான். தெரிந்தே எழுதினேன். தண்ணீர் எனக்குப் போதவில்லை.

காலை ஏழு மணிக்கு அக்கா படியிறங்குவாள். அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. கதவு உங்களுடையது.