அடுக்களைக்குக் கீழே ஊர்த் தண்ணீர்

மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஊரின் நிலத்தடித் தண்ணீர் மொத்தமும் இடம் மாறி, மோப்பக்காரர் வீட்டு அடுக்களைக்குக் கீழே வந்து சேர்ந்தது. அன்று வேறு விசேஷம் எதுவும் இல்லை. சிமெண்டு விலை கொஞ்சம் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்து அடிபம்பு காற்றைக் கக்கியது, ஆஸ்பத்திரி மோட்டார் வறட்டு இருமல் இருமியது, நிலத்தடி நீர் அலுவலகத்தின் பின்னால் இருந்த கண்காணிப்புக் கிணற்றில் இறக்கிய அளவு நாடா அடிவரைக்கும் போய்க் காய்ந்தபடியே மேலே வந்தது. நாடாவை இறக்கியவர் மோப்பக்காரர்தான். அதை முகர்ந்து பார்த்தார். யாரோ திருடிவிட்டார்கள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினார்.

அவர் உத்தியோகம் அப்படி. அனுமதி இல்லாமல் போட்ட ஆழ்துளை போர்களைக் கண்டுபிடித்து மூடி சீல் வைப்பது. ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் ஏரி கிடங்காகி, வயல் வீட்டுமனையாகி, மனைகள் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்டாகியிருந்தன. மழையும் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, பெய்ய வேண்டியதையெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. கொட்டிய தண்ணீர் உள்ளே இறங்க ஒரு பொத்தல் கிடையாது. கடைத்தெருச் செருப்புகளை அடித்துக்கொண்டு ஊரைத் தாண்டி ஓடிவிடும். மிச்சம் இருந்ததை ஆளாளுக்குக் கமுக்கமாக உறிஞ்சினார்கள். துணி பீரோவுக்குள் போர் வைத்திருந்த டாக்டரை மோப்பக்காரர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். எதையும் தாங்காமல் சும்மா நின்ற ஒரு தூணைத் தட்டிப் பார்த்து, அதற்குள் குழாய் ஓடுவதைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு: தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததும் எந்த வீட்டிலிருந்து குடத்தோடு ஓடி வரவில்லையோ, அந்த வீட்டில் போர் இருக்கிறது. சொந்தத் தம்பியையே அப்படித்தான் பிடித்தார். அதன் பிறகு தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவருக்குப் பத்திரிகை வரவில்லை.

அந்த வாரம் லாரி அவர் தெருவுக்கே வந்தது. வழக்கம்போல மூலையில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வங்கி மேனேஜர் பனியனோடு ஓடி வந்தார். எதிர்வீட்டுத் தையல்காரி வாயில் ஊசியோடு வந்தாள். படுத்த படுக்கை என்று சொல்லப்பட்ட கிடங்கு முதலாளி இரண்டு கையிலும் இரண்டு குடத்தோடு முதல் ஆளாக நின்றார். வராத வீடு ஒன்றே ஒன்று. அது அவர் வீடு. அவருக்கு மூக்கில் வேர்த்தது.

உள்ளே மனைவி தரையில் உட்கார்ந்து, ஓடுகளுக்கு நடுவே ஊறி வந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எங்கேருந்து வருது?"

"தரையிலேருந்து."

"தரையில சும்மா வருமா? யாரு போர் போட்டுக் குடுத்தா? உன் தம்பியா?"

"வந்துச்சு, மொண்டு வெச்சேன். வீட்டுக்கு வந்தவங்கள எதுக்கு வந்தீங்கன்னு கேக்குற பழக்கம் எனக்கில்ல" என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. டாக்டர் வந்து அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பீரோவை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அண்ணன் இவ்வளவு நாள் பிடித்ததெல்லாம் தன் வீட்டுக்குத் திருப்பிவிடத்தான் என்று மோப்பக்காரரின் தம்பி தெருவில் நின்று சொன்னார். மேலதிகாரி, வெள்ளிக்கிழமைக்குள் போரைக் கண்டுபிடித்து சீல் வைக்காவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்றார். மோப்பக்காரர் அடுக்களைத் தரையை உடைத்தார். குழாய் இல்லை, தண்ணீர்தான் இருந்தது, கடப்பாரை விழும்போது மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. பாக்கி இருந்தது கொல்லை. ஊரிலேயே மண் தெரிந்த ஒரே இடம் அதுதான். கார் நிறுத்த சிமெண்டு போடலாம் என்று அவர் வருஷக்கணக்காகக் கேட்டும், கால் வைக்கக் கொஞ்சம் மண் வேண்டும் என்று மனைவி விடவில்லை. இதை நினைத்ததும் எல்லாம் பிடிபட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கொல்லையைத் தோண்டினார், ஒன்றும் அகப்படவில்லை, சந்தேகம் இன்னும் கூடியது. ஆள் வைத்துக் கொல்லை முழுக்க சிமெண்டு ஊற்றி, நடுவில் சீல் வைத்துக் கையெழுத்தும் போட்டார். இல்லாத போருக்கு அந்த அலுவலகம் வைத்த முதல் சீல் அது.

மனைவி ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் அவர் அந்தப் பையை வாங்கி, வழக்கத்தைவிடக் கனக்கிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்ததை அவள் கவனித்தாள். அவள் ஆட்டோ திரும்பியதும் அடுக்களைத் தரை காய்ந்தது.

ஊரின் மறுகோடியில் அவள் தம்பி குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் மறுநாள் நல்ல தண்ணீர் இடுப்பளவு நின்றது. "மாமா, அக்காவ வந்து கூட்டிட்டுப் போங்க, என் காரு நீந்துது" என்று தம்பி போன் செய்தான். ஆனால் அந்தக் கோடி ஜனங்கள் அவளை விடுவதாக இல்லை. அவள் ரகசியமாகக் கிளம்பிவிடுவாளோ என்று கேட்டில் காவல் போட்டார்கள். இந்தக் கோடி ஜனங்கள் அங்கே ஒற்று வைத்தார்கள். மோப்பக்காரர் எல்லாரையும் தாண்டிப் போய் மூன்றாவது மாடியில் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றார். வீட்டில் அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருந்தார். தண்ணீரைப் பற்றித்தான் வாயில் வந்தது.

"போர் இல்லன்னு நம்புறீங்களா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "நம்பணும்னு பாக்குறேன்" என்றார்.

"அப்ப அந்த சிமெண்ட உடைங்க. அப்புறம் பாக்கலாம்."

தன் கையெழுத்துப் போட்ட சீலைத் தானே உடைத்தால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பட்டப்பகலில் உடைத்தார். கடப்பாரைச் சத்தம் கேட்டு, மோப்பக்காரர் திருட்டு போர் போடுகிறார் என்று அவருடைய சொந்தத் தம்பியே தகவல் கொடுத்தார். அலுவலகத்து ஆட்கள் வந்தபோது அவர் உடைத்த சிமெண்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். வேலை அன்றைக்கே போனது. அவள் வந்தாள். அவள் ஆட்டோ வந்த வழியெல்லாம் தரைக்கு அடியில் ஏதோ நடந்து போவது போல் இருந்ததாகச் சொன்னார்கள். இறங்கியதும் அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் மண்ணில் காதை வைத்தாள், நெடுநேரம், அவர் அத்தனை வீடுகளில் வைத்ததுபோலவே. குழாய் ஏதும் புதைத்திருக்கிறாரா என்று பார்த்தாள்.

அதன் பிறகு ஊரில் ஆளாளுக்கு முற்றத்தை உடைத்தார்கள், அவள் போகும்போது தண்ணீர் கொஞ்சம் தங்கள் வீட்டிலும் தங்கட்டும் என்ற ஆசையில். சில வீடுகளில் தங்கியது. கண்காணிப்புக் கிணற்றில் நாடா இறக்கும் புது ஆள், முதலில் போன் போட்டு அவள் ஊரில் இருக்கிறாளா என்று கேட்டுக்கொள்கிறார். லாரி இப்போதும் எப்போதாவது வரும். அடுக்களையில் தண்ணீர் இருந்தாலும் அவள் காலிக் குடத்தோடு வாசலுக்கு வந்து நிற்பாள், மூலையில் அவர் நின்று பார்க்கிறாரா என்று பார்க்க. அவர் கொல்லையில் மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார். அவள் கொஞ்ச நேரம் சந்தேகமாக நின்றுவிட்டுக் குடத்தை உள்ளே கொண்டுபோய் வைப்பாள்.