மின்சாரம் வேண்டாத பண்ணை

மின்கம்பி எட்டிப்பார்க்காத இயற்கைப் பண்ணையில் தன்னார்வலனாகச் சேர்ந்தேன். மண்ணைத் தொடலாம் என்று போனவனைப் பண்ணைக்காரர் ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டார். அது ஓரடி நகராது. மிதித்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறும். தண்ணீர் பம்புக்கு என்று நம்பி ஐந்து நாள் நாக்குத் தள்ள மிதித்தேன்.

ஆறாம் நாள், அந்த பேட்டரியில் தன் போனைச் செருகிக்கொண்டு என் முன்னால் நின்று லைவில் பேசத் தொடங்கினார்.

"மின்சாரமே இல்லாம நிம்மதியா வாழலாங்க!" என்றவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, வேகமா மிதிங்க, சார்ஜ் இறங்குது" என்றார். பிறகு, வந்த கமெண்ட் ஒன்றை வாசித்தார். "ஒரு அம்மா கேக்குறாங்க, பின்னாடி மிதிக்கிறவர் வீட்ல மோட்டார் சுவிட்ச் போடக்கூட எழுந்திருக்க மாட்டாரேன்னு. அவங்களைத் தெரியுமா தம்பி?"

கட்டிய மனைவியைத் தெரியாதென்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தேன்.