கோட்டுப் பொத்தான் அளவு

அன்று காலை பத்து மணிக்குத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சுடும் மேசைக்கு இடப்பக்கம், சுவரோரப் பெஞ்சில், மடியில் பொத்தான் டப்பாவோடு அக்கா. மேசைக்கு நேர் பின்னால், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல், இரும்பு வைஸின் பிடியைப் பற்றியபடி அவள் கணவர். வலப்பக்கம், தொலைநோக்கிக்கு முன்னால், கூடத்திலேயே ஆடாத ஒரே நாற்காலியில் தம்பி. கதவருகே, சுடும் நேரம் என்று காட்டும் சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில், கூடத்தின் மேற்பார்வைக்காரி. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அவருக்கு விசிலம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இத்தனையையும் தம்பி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டான். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, துப்பாக்கிக் கிளப்பில் செயலாளர் பொறுப்பு. எழுதாத எதுவும் அவனுக்கு நடந்ததாகக் கணக்கில்லை.

“யார் எங்க உக்காந்தா தோட்டாவுக்கு என்ன மாப்ள?” என்றார் அக்காவின் கணவர்.

“பின்னால ஏதாவது சந்தேகம் வந்தா பார்த்துக்கலாம், மாமா.”

“அப்போ இந்தப் பெட்டியில ஆணி குத்துதுன்னும் சேர்த்து எழுதிக்க.”

நிற்க. விஷயம் இதுதான். அக்கா தொழிலுக்குத் தையற்காரி. ஆனால் பதினோரு வருஷமாக வட்டார அணியில் துப்பாக்கி சுடுகிறவள். ஐம்பது மீட்டர் தூரத்தில் அவள் சுட்ட பத்துச் சூட்டையும் ஒரு கோட்டுப் பொத்தானால் மூடிவிடலாம். அவளே பொத்தானை எடுத்து வைத்து மூடியும் காட்டுவாள். நாலு மாதத்துக்கு முன் கடுங்காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். எழுந்து வந்து சுட்டபோது, நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல் இலக்குத் தாள் முழுக்கச் சிதறியது. வாராவாரம் அதே கதை. காய்ச்சல் கையைத் தின்றுவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான்.

அணியில் இருக்கிறாளா, விலகுகிறாளா என்று அன்று மாலை நாலு மணித் தபாலில் பதில் போக வேண்டும். தம்பி இரண்டு கடிதமும் எழுதிக் கோப்பில் வைத்திருந்தான். ஒன்று விலகல். மற்றது, ‘தொடர்கிறேன், எனக்குக் கீழ்க்கண்ட லாட் தோட்டாக்களை எடுத்து வைக்கவும்’ என்பது. அதில் லாட் நம்பருக்கு மட்டும் ஒரு விரற்கடை இடம் காலியாக விட்டிருந்தான்.

அந்தச் சின்னத் தோட்டாவுக்குக் குணம் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விலையாக இருக்கும். செய்த தொகுதி, அதாவது லாட், மாறினால் போக்கும் மாறும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலவா இருக்கின்றன? எந்தத் துப்பாக்கிக்கு எந்த லாட் ஒத்துப்போகும் என்று குழலைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்காக அணியிலிருந்து நாலு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வந்திருந்தது. பெட்டிக்கு ஐம்பது தோட்டா. பட்டறையில் ஃபிட்டரான மாமா, துப்பாக்கியை மனிதக் கை படாமல் இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ் செய்து கொண்டுவந்திருந்தார்.

“வைஸ்ல வெச்சு நல்லா விழுந்தா, தோட்டாவும் குழலும் சரி, குத்தம் என் கையில,” என்றாள் அக்கா. “அப்புறம் யாரும் எனக்கு சமாதானம் சொல்லக் கூடாது.”

விசிலம்மா விசில் ஊதினார். முதல் லாட், பத்துச் சூடு. தம்பி தொலைநோக்கியில் பார்த்து, ஒவ்வொரு துளையையும் நோட்டில் அதே இடத்தில் புள்ளி வைத்து, ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்டான். கயிற்றை இழுத்ததும் தாள் ஓடி வந்தது. அக்கா கோட்டுப் பொத்தானை வைத்துப் பார்த்தாள், ஓவர்கோட்டுப் பொத்தானை வைத்துப் பார்த்தாள், கடைசியில் மருந்துப் புட்டியின் மூடியை வைத்தாள். அதற்கும் வெளியே மூன்று துளை நின்றது.

அடுத்த லாட்டுக்கு முன் தம்பி நீளக் கம்பியில் துணித்துண்டு கோத்துக் குழலைத் துடைத்தான். எண்ணெய்த் துணி, உலர்ந்த துணி, மறுபடி உலர்ந்த துணி. ஒரு லாட்டின் அழுக்கு அடுத்த லாட்டின் மேல் பழியாக விழக் கூடாது என்பது அவன் நியாயம். இரண்டாவது லாட்டுக்கும் புட்டி மூடி. மூன்றாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே.

“நாலுமா கெட்டுப்போயிருக்கும்?” என்றார் மாமா.

“தோட்டா இல்லங்க. கையும் இல்ல. குழலே தேஞ்சுபோச்சு.” அக்கா டப்பாவை மூடினாள். கை தப்பியது என்ற நிம்மதி முகத்தில் அரைக்கால் பங்குதான் வந்தது. வேறு துப்பாக்கி இந்த ஜென்மத்தில் கிடைக்கப்போவதில்லை. “அந்த விலகல் லெட்டரை எடுடா.”

“இரண்டாவது சுற்று பாக்கி இருக்கு. கடைசி லாட்ல இருந்து முதல் லாட்டுக்குத் திரும்பி வரணும், அப்போதான் நியாயம்.” தம்பி கம்பிக்காகக் கை நீட்டினான். கம்பி மாமாவின் மடியில் இருந்தது, கேள்விக்குறிபோல் வளைந்திருந்தது.

“ஆணியை நெம்பினேன் மாப்ள,” என்றார் மாமா. “ஆணி வரல.”

தம்பி கம்பியை வாங்கி நோட்டின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தான்.

“அட, ஒரு நாள் பல் விளக்காம சாப்பிட்டா செத்தா போயிடுவோம்? அப்படியே சுடு.”

வேறு வழியில்லை. நான்காவது லாட்டையே துடைக்காத குழலில் சுட்டார்கள். தாள் வந்தது. அக்கா பழக்கத்தில் புட்டி மூடியை வைத்தாள். துளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூடியை எடுத்துவிட்டு ஓவர்கோட்டுப் பொத்தானை வைத்தாள். அதற்குள்ளும் பத்தும் அடங்கின.

தம்பி நோட்டில், ‘துடைக்கவில்லை. விதி மீறல். செல்லாது’ என்று எழுதினான்.

“செக்ரட்டரி சார்,” என்றார் விசிலம்மா, “செல்லாததாவே இன்னொரு பத்து சுடுங்க. நான் இன்னும் கொடியை மாத்தல.”

மறுபடியும் ஓவர்கோட்டுப் பொத்தான்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டாள். “குழல் நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “அப்போ என் கைதான்.”

தம்பி தலை நிமிரவில்லை. நோட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தான். முதல் லாட்டில் வெளியே ஓடியவை ஒன்று, இரண்டு, நான்கு. இரண்டாவதில் ஒன்று, மூன்று, ஐந்து. நான்கு லாட்டிலும் ஆரம்பச் சூடுகள்தான் ஊர் சுற்றின. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. அந்தத் தோட்டாக்களின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. அது குழலின் உள்ளே ஒட்டிப் படிந்தபிறகே தோட்டா ஒழுங்காகப் போகிறது. படியப் படிய அவன் துடைத்திருக்கிறான்.

அடுத்த நினைப்பில் அவன் நோட்டை மூடி வைத்தான்.

“அக்கா, காய்ச்சலுக்கு முன்னால துப்பாக்கியை எப்ப துடைப்ப?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஏன்?”

“நீ படுத்திருந்தப்போ நான்தானே பொறுப்பு எடுத்துக்கிட்டேன். அதுல இருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் முதல் நாள் துடைச்சிருக்கேன். நீயும் தோட்டாவை மிச்சம் பிடிக்கிறேன்னு அஞ்சே சூடு பழகிட்டு, மார்க்குக்குச் சுட ஆரம்பிச்சிடுவ. குழல் படியறதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சிடும்.” அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். “உன் கை இல்லக்கா.”

“ஒவ்வொரு வாரமுமாடா துடைச்ச?”

“ஒவ்வொரு வாரமும். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்.”

“திருடனே தேதி போட்டு எழுதிக் குடுத்திருக்கான்,” என்றார் மாமா. “போலீசுக்கு இனிமே என்ன வேலை?”

அக்கா தம்பியையே பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். “சொல்றது சுலபம்,” என்றாள். “சுட்டுப் பார்த்தாதான் தெரியும். முதல்ல லாட்டை முடி.”

ஒவ்வொரு லாட்டிலும் பத்துச் சூடு குழல் படிவதற்கு, பத்து அளப்பதற்கு. இரண்டாவதும் முதலாவதும் ஓவர்கோட்டுப் பொத்தானைத் தாண்டவில்லை. மூன்றாவது லாட் மட்டும் கோட்டுப் பொத்தானுக்குள் பதுங்கிக்கொண்டது. மறுபடி அந்த லாட்டுக்குத் திரும்பி, படிவதற்குப் பத்துச் சுட்டபோது பெட்டியில் சரியாகப் பத்துத் தோட்டா பாக்கி.

மாமா வைஸைத் தளர்த்தித் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். அக்கா தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் வாரைக் கையில் இறுக்கிக்கொண்டாள். விசில் மெல்ல ஒலித்தது.

தம்பி நான்காவது சூடு வரை நம்பர் போட்டான். அதன்பின் பென்சில் நின்ற இடத்திலேயே நின்றது. எழுதுகிறவன் எழுதவில்லை என்பதை மாமா கவனித்தார்.

தாள் வந்தது. கோட்டுப் பொத்தானை வைக்க அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. விசிலம்மா வந்து, டப்பாவில் தேடி எடுத்து வைத்தார். குனிந்து பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் ஓரமா எட்டிப் பாக்குது.”

“அது ஆறாவது,” என்றாள் அக்கா. “மூச்சு விட்டுட்டேன். அது நான்தான்.” அப்படியே பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரித்தாள். “மூணு மாசமா ஊசி கோக்கிறப்பல்லாம் கையையே பாத்துட்டு இருந்தேன்டா. ஒரு தடவைகூட நூல் தப்பல. இருந்தும் நம்பல.”

“மன்னிச்சுடுக்கா.”

“மன்னிக்கிறதா? கொஞ்ச நாளைக்கு வெச்சு சொல்லிக்காட்ட வேண்டாமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மணி மூன்றரை. காலியிடத்தில் மூன்றாவது லாட்டின் நம்பரை எழுதி, பெட்டியோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தான்.

“கீழே ஒரு வரி சேர்த்துக்க,” என்றாள் அக்கா. “துப்பாக்கியைத் துடைக்கிற ஆளை இன்னையிலேருந்து வேலையை விட்டு நீக்கியாச்சுன்னு.”

‘மேற்படி துப்பாக்கியைத் துடைக்கும் பொறுப்பிலிருந்து செயலாளர் இன்று முதல் விடுவிக்கப்பட்டார்’ என்று தம்பி தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டான். விலகல் கடிதத்தை மாமா வாங்கி நாலாக மடித்து, ஆணியின் மேல் வைத்து, அதன் மேல் சுகமாக உட்கார்ந்தார்.

“கம்பியை நிமித்தித் தரட்டுமா மாப்ள?”

“வேண்டாம் மாமா. இப்படியே இருக்கட்டும்.”

உறையின் ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, நோட்டை மேலே வைத்து நூறு எண்ணும்வரை அழுத்தினான். தெருமுனைத் தபால்பெட்டி வரை நால்வருமே நடந்து வந்தார்கள். மணி மூன்று ஐம்பது. தம்பி முகவரியை இன்னொரு முறை படித்துவிட்டு, கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டான். அது அடியில் விழுந்த சத்தம் கேட்டபிறகே கையை வெளியே எடுத்தான்.